பிரஷர் ஏன் இப்படி ஏறுது? கிளினிக் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் சில ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை செய்திருக்கிறேன். கிளினிக் நாளில் பிரஷர் பார்க்கும் மேசையில் இருந்தால், துணுக்காய்ப் பக்கமாக இருந்தாலும் புதுக்குடியிருப்புப் பக்கமாக இருந்தாலும் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். இலக்கம் கூட என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஏன் கூட என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை டொக்டரிடம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

பிரஷர் எவ்வளவுக்கு மேல போனா ஆபத்து?

ஆஸ்பத்திரியில் பார்க்கும்போது திரும்பத் திரும்ப 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்கிறோம். 180/120 ஐ எட்டினால் அல்லது தாண்டினால் அது மிக உயர்ந்த அழுத்தம். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களுக்கு இதைவிடக் குறைந்த இலக்கமே ஆபத்தாகலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மிஸ், 190/120 எண்டு காட்டுது, ஆனா எனக்கு ஒண்டும் செய்யேல்லை. உடனே ஓட வேணுமோ?

முதலில் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் இருங்கள். சலம் முட்டியிருந்தால் போய்விட்டு வந்து இருங்கள். பிறகு இன்னொரு தடவை பாருங்கள். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த கையோடு, கதைத்துக்கொண்டே, பருத்த கைக்குச் சின்னப் பட்டியைச் சுற்றிப் பார்த்தால் இலக்கம் பொய்யாகக் கூடும்.

அப்படிப் பார்த்தும் குறையவில்லை, ஆனால் உடம்பில் வேறொன்றும் இல்லை என்றால் அன்றைக்கோ மறுநாளோ டொக்டரைப் பார்க்க வேண்டும். அடுத்த கிளினிக் வரை விடக்கூடாது. அதேநேரம், நெஞ்சு நோ, மூச்செடுக்கக் கஷ்டம், பார்வை மங்குதல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் விறைப்பு, மாறாட்டம், வலிப்பு, சத்தியோடு தாங்க முடியாத தலையிடி, சலம் குறைந்துபோதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். மூளை, இருதயம், கண், சிறுநீரகம் ஏதோ ஒன்றை அழுத்தம் தாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். 1990 க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். உள்பாதையில் இருப்பவர்கள் ஏ9 வீதிக்கு வந்துதான் வாகனம் பிடிக்க வேண்டும் என்று இருக்காமல், அழைத்துவிட்டு எந்த இடத்தில் சந்திப்பது என்று அவர்களிடமே கேளுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணை நாக்குக்குக் கீழ வைக்கச் சொல்லி ஒரு குளிசை தந்தவர். வைக்கலாமோ?

வேண்டாம். நிபெடிபின் மருந்தை நாக்குக்குக் கீழ் விட்டு அழுத்தத்தை மடமடவென்று இறக்கும் பழக்கம் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே இருந்தது. சிலருக்கு அழுத்தம் ஒரேயடியாக விழுந்து பாரிசவாதமும் மாரடைப்பும் வந்ததால் அதைக் கைவிட்டார்கள். கன நாளாகக் கூடிய அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கு, திடீரென்று குறைந்தால் இரத்தம் போதாமல் போகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஊசி மருந்து கொடுக்கும்போதுகூட, பொதுவாக முதல் ஒரு மணித்தியாலத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இறக்குவதில்லை. வேறொரு நோய்க்குறியும் இல்லாதவருக்கு இன்னும் ஆறுதலாக, நாள்கணக்கில் இறக்குவார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் குளிசை தந்து, இருக்கவைத்துப் பார்த்து, மேல் இலக்கம் 160 இல் வீட்டுக்கு அனுப்பினால் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பிரஷர் இப்ப எல்லாருக்கும் வாறதுதானே. அதுக்கு என்னத்துக்குக் காரணம் தேடுறது?

பத்தில் ஒன்பது பேருக்கு மேல், ஒரு தனி நோயைக் காட்டி இதனால்தான் என்று சொல்ல முடியாது. பரம்பரை, வயது, உப்பு, உடற்பருமன், மது எல்லாம் சேர்ந்து அழுத்தத்தை ஏற்றியிருக்கும். மிச்சம் உள்ள சிறு பங்கினருக்கு உள்ளே வேறொரு நோய் இருக்கும். அழுத்தம் அதன் வெளி அடையாளம். அந்த நோயைப் பிடித்தால் சிலரை முற்றாகவே சுகப்படுத்தலாம். ஆகவேதான் தேட வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் தேவைப்படாது. 40 வயதுக்கு முன், அதிலும் 30 க்கு முன், கடும் பிரஷர் வந்தவர்கள், இதுவரை அடங்கியிருந்து திடீரென்று ஏறியவர்கள், மூன்று வகை மருந்துக்கும் அடங்காதவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், சலத்தில் புரதமோ இரத்தமோ போகிறவர்கள், 180/120 ஐத் தாண்டி உறுப்புப் பாதிப்போடு வந்தவர்கள், இவர்களுக்குக் கட்டாயம் தேட வேண்டும். தொடக்கம் சாதாரணப் பரிசோதனைகள்தான்: சலம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), சோடியம், பொட்டாசியம், சீனி, ஈசிஜி, சிறுநீரக ஸ்கான், கண்ணின் உட்புறத்தைப் பார்ப்பது. மற்றவை இவற்றின் முடிவைப் பார்த்து வரும்.

மூண்டு குளிசை போடுறன், குறையுதில்லை. அப்ப உள்ளுக்க வேற வருத்தம் இருக்கோ?

இருக்கலாம். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியவை உண்டு. மூன்றையும் ஒவ்வொரு நாளும் போடுகிறீர்களா? கிளினிக் நாளில் பஸ் கிடைக்காமல், கூலி வேலையை விட முடியாமல், மருந்து முடிந்து இரண்டு கிழமை விடுபட்டவர்கள்தான் 200 ஐத் தாண்டி வருபவர்களில் நான் அதிகம் பார்ப்பது. இதில் யாரையும் ஏச ஒன்றுமில்லை. மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ வருபவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது. வர முடியாத நாளில் கொப்பியை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துவிடலாமா, பக்கத்து ஆஸ்பத்திரியில் அதே மருந்தை எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மறைக்காமல் சொன்னால், தேவையில்லாமல் நான்காவது குளிசை எழுதப்படாது.

அடுத்தது உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் சேர்ந்த ஒரு சாப்பாட்டிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும். பிறகு கள்ளு, கசிப்பு, சாராயம் எதுவானாலும் நாள்தோறும் குடித்தால் அழுத்தம் ஏறும். நோக் குளிசை பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். இவையெல்லாம் சரியாக இருந்து, சலம் போக்கும் மருந்து ஒன்றும் உட்பட மூன்று வகை மருந்துக்கும் அடங்காவிட்டால், முன் கேள்வியில் சொன்ன தேடல் உங்களுக்கு வேண்டும்.

நாரி நோவுக்குப் போடுற குளிசைக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் உண்டு. நாற்று நட்டு, கதிர் வெட்டி, மூட்டை தூக்கி வருகிற நாரி நோவுக்கும் முழங்கால் நோவுக்கும் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனக், ஐபுபுரோபென் வகைக் குளிசைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும், பிரஷர் மருந்தின் வேலையையும் கெடுக்கும். பிரஷர் மருந்தான எனலப்ரில் அல்லது லொசாட்டன், சலம் போக்கும் குளிசை, இந்த நோக் குளிசை மூன்றும் ஒன்றாக உள்ளே போய், ஆள் வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் நின்றால், சிறுநீரகம் சில நாளிலேயே செயலிழக்கலாம். நோவுக்கு அளவோடு பரசிற்றமோல் போடலாம், வெளியே பூசும் மருந்தும் இருக்கிறது. அதுவும் போதாவிட்டால் டொக்டரிடம் கேளுங்கள்.

ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட்டும் அழுத்தத்தை ஏற்றும். மூட்டு நோவை ஒரே நாளில் நிற்பாட்டும் பெயரில்லாத குளிசையிலோ தூளிலோ அது கலந்திருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் போட்டதைத் திடீரென்று நிற்பாட்டுவதும் ஆபத்து. குளிசையைக் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள். மூக்கடைப்புக்கான சில மருந்துகள், ஈஸ்ரஜன் சேர்ந்த கருத்தடைக் குளிசை ஆகியவையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்திதான்.

அதிமதுரத்தைப் பலரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. தொண்டைக்கு ஒரு நாள், இரண்டு நாள் சுவைப்பதில் பயமில்லை. கிழமைக்கணக்கில் கஷாயமாகக் குடித்தால் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை இறக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும். நாட்டு வைத்தியம் செய்பவர்கள் அதையும் எங்களிடம் சொல்லுங்கள், ஒருவரும் கோபிக்கமாட்டோம்.

கிட்னி பழுதானதால பிரஷரோ, பிரஷரால கிட்னி பழுதோ?

இரண்டும் நடக்கும், ஒன்று மற்றதை மோசமாக்கும். உள்ளே இருக்கும் காரணங்களில் சிறுநீரக நோய் முன்வரிசையில் நிற்பது. நீரிழிவால் பழுதான சிறுநீரகம், அழற்சி, குடும்பத்தில் வரும் நீர்க்கட்டி நோய் எல்லாம் இதற்குள் வரும். நீர்க்கட்டி நோயின் வழக்கமான வகை தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. முகம், கால் வீக்கம், நுரைத்த சலம், தேயிலைச் சாயம் போன்ற சலம் இருந்தால் உடனே சொல்லுங்கள்.

இங்கே தவறவிடக்கூடாத இரண்டு பேர் உண்டு. ஒருவர், முன்பு புடையன் பாம்பு கடித்துச் சலம் கட்டித் தப்பியவர். சுகமாகி வீட்டுக்குப் போனாலும் சிலருக்குச் சிறுநீரகம் முழுதாக மீளாது. இன்னொருவர், சொறி சிரங்கோ தொண்டை நோவோ வந்து சில கிழமைக்குள் முகம் வீங்கி, சலம் கறுத்து வரும் பிள்ளை. சின்னப் பிள்ளைக்கும் பிரஷர் ஏறி வலிப்பு வரலாம். பிள்ளைக்கென்ன பிரஷர் என்று விட்டுவிடாதீர்கள். வெடிச்சிதறல் காயத்தில் ஒரு சிறுநீரகத்தை இழந்தவர்களும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரஷரும் சலமும் பார்க்க வேண்டும்.

எங்கட பக்கம் கிட்னி வருத்தம் தண்ணியாலதான் எண்டுகினம். அப்ப பிரஷரும் தண்ணியாலதானோ?

1990களில் வடமத்திய மாகாண விவசாயிகளிடம் கண்டறியப்பட்டு, வவுனியாவிலும் காணப்படும் அந்தக் காரணம் தெரியாத சிறுநீரக நோயைத்தான் கேட்கிறீர்கள். குடிநீர், வெப்பம், விவசாய இரசாயனம் என்று பலதையும் ஆராய்கிறார்கள், முடிந்த முடிவு வரவில்லை. அந்த நோயில் ஆரம்பத்தில் அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை, கடைசிக் கட்டங்களில்தான் ஏறும். அதனால் பிரஷர் சரியாக இருக்கிறது, கிட்னிக்கு ஒன்றுமில்லை என்று நம்பவும் கூடாது, 200 இல் வந்து நிற்கும் பிரஷருக்குக் கிணற்றைக் காரணம் சொல்லி மற்றப் பரிசோதனைகளை விடவும் கூடாது.

என்ர மகளுக்கு 24 வயசு. மெலிஞ்ச பிள்ளை, உப்பும் குறைவு. அவளுக்கு எப்பிடி 200?

இந்த வயதில் முதலில் இரத்தக் குழாய்களைச் சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகத்துக்குப் போகும் நாடி ஒடுங்கினால், உடம்பு முழுவதிலும் இரத்தம் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் எடுத்துக்கொள்ளும். குளத்தில் தண்ணீர் நிறைய நிற்கும், ஆனால் வாய்க்கால் தூர்ந்து தன் வயலுக்கு வராதபோது, துருசை இன்னும் திறவுங்கள் என்று கடைசி வயல்காரர் கேட்பது போல, அது ரெனின் என்ற சுரப்பை விட்டு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். இளம் பெண்களில் நாடிச் சுவரின் வளர்ச்சிக் கோளாறும், ஆசிய நாடுகளில் கூடுதலாகக் காணப்படும் தக்கயாசு என்ற நாடி அழற்சியும் இதற்குக் காரணங்கள். முதியவர்களில், அதிலும் புகைப்பவர்களில், கொழுப்புப் படிவு.

இன்னொன்று பிறவியிலேயே பெருநாடி ஓரிடத்தில் ஒடுங்கியிருப்பது. கையில் பிரஷர் கூடவும் காலில் குறைவாகவும் இருக்கும், தொடை இடுக்கில் நாடி மெல்லியதாகத் தட்டும். அதனால் இளவயதில் கடும் பிரஷர் என்றால் இரண்டு கையிலும் ஒரு காலிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். செலவில்லை, ஐந்து நிமிட வேலை. சந்தேகம் வந்தால் எக்கோ என்ற இருதய ஸ்கானும் நாடி ஸ்கானும் பார்க்க யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்புவார்கள். தூரம் என்று விட்டுவிடாதீர்கள். ஒடுக்கத்தை விரித்தோ அறுவைச் சிகிச்சையிலோ சரிசெய்தால் சிலருக்கு மருந்தே குறைந்துவிடும்.

பொட்டாசியம் குறைவு எண்டு எழுதியிருக்கினம். இளநி குடிச்சாச் சரிதானே?

சலம் போக்கும் குளிசையாலும் வயிற்றோட்டத்தாலும் பொட்டாசியம் குறையலாம். இவை இல்லாமல் பிரஷரும் கூடி பொட்டாசியமும் குறைந்தால், அட்ரினல் சுரப்பி உப்பைத் தேக்கும் அல்டொஸ்ரிரோன் என்ற சுரப்பை அளவுக்கு மீறிச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சின்னச் சுரப்பி அது. 1955 இல் ஜெரோம் கொன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த நோயை விவரித்தார். நெடுங்காலம் அபூர்வம் என்று நினைத்தார்கள். இப்போது, மருந்துக்கு அடங்காத பிரஷர் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் வரை இது இருக்கலாம் என்று தெரிகிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பொட்டாசியம் சாதாரணமாகவே இருக்கும், அதனால்தான் தவறிப்போகிறது. அல்டொஸ்ரிரோனையும் ரெனினையும் ஒப்பிடும் இரத்தப் பரிசோதனையில் பிடிபடும். ஒரு பக்கச் சுரப்பி மட்டும் காரணம் என்றால் அதை அகற்றலாம், இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரோனோலாக்டோன் என்ற குளிசை நன்றாக வேலை செய்யும்.

இளநீர் இதைச் சுகப்படுத்தாது. சிறுநீரகம் பழுதானவருக்கோ அது ஆபத்து, பொட்டாசியம் ஏறி இருதயத்தை நிறுத்திவிடலாம்.

இருந்தாப்போல நெஞ்சு படபடக்குது, வேர்க்குது, தலையிடிக்குது. பயத்தாலதான் எண்டுகினம்.

பயத்தாலும் வரும். போரில் பட்டவர்கள் உள்ள இந்த மண்ணில் அது பொய்யில்லை. ஆனால் இந்த மூன்றும் ஒன்றாக வந்து, அந்த நேரம் அழுத்தம் எகிறி, பிறகு தானாக இறங்கினால் அட்ரினலினைக் கொட்டும் கட்டி ஒன்றை நினைக்க வேண்டும். மிக அபூர்வம். ஆனால் தெரியாமல் அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்தாலோ, படபடப்புக்கென்று புரொப்ரனலோல் வகையை மட்டும் முதலில் கொடுத்தாலோ அழுத்தம் கட்டுமீறிப் போகும். எந்த நேரம், என்ன செய்யும்போது, எவ்வளவு நேரம் என்று ஒரு கொப்பியில் குறித்துக் காட்டுங்கள். 24 மணிநேரச் சலத்திலோ இரத்தத்திலோ பார்த்துச் சொல்லலாம்.

மனுசன் இரவில சரியான குறட்டை. அதுவும் பிரஷரோ?

குறட்டையின் நடுவில் மூச்சு நின்று திணறி எழும்புகிறாரா, பகலில் இருந்த இடத்தில் நித்திரையாகிறாரா என்று பாருங்கள். அப்படியென்றால் தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய். அடங்காத பிரஷருக்கு அது பெரிய காரணம். தைரொயிட் கூடினாலும் குறைந்தாலும் பிரஷர் மாறும். முகம் வட்டமாகி, வயிறு மட்டும் பருத்து, ஊதா நிறக் கோடுகள் விழுந்தால் கோட்டிசோல் என்ற சுரப்பு கூடியிருக்கலாம்.

மனுசிக்கு ஏழாம் மாசம். 150/100 எண்டாப் பெரிசில்லைத்தானே?

பெரிதுதான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கர்ப்பத்தில் 20 கிழமைக்குப் பிறகு 140/90 வந்தாலே முன்வலிப்பு நோயா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வரை போகக்கூடிய நோய்) என்று சலமும் இரத்தமும் பார்ப்பார்கள். 160/110 அவசர நிலை. தலையிடி, கண்ணில் மின்னல், மேல்வயிற்று நோ, திடீர் முக வீக்கம் இருந்தால் இரவானாலும் போங்கள். பிள்ளை பிறந்ததோடு ஆபத்து முடிந்துவிடாது, ஆறு கிழமை வரை வரலாம். கருத்தரிக்க யோசிக்கும் பெண் எனலப்ரில், லொசாட்டன் போடுகிறவர் என்றால், அவை கருவைப் பாதிக்கும் என்பதால் முன்கூட்டியே மருந்தை மாற்ற வேண்டும். குடும்பநல மாதுவிடம் சொன்னால் வழிகாட்டுவார்.

தம்பிக்கு முள்ளந்தண்டில காயம், கதிரையிலதான். பிரஷர் எப்பவும் 100தான். அண்டைக்கு 150 எண்டு தலையிடியில துடிச்சவர். 150 பெரிசோ?

அவருக்குப் பெரிசு. இந்தக் கேள்விக்கு விடை தெரியாத வீடுகள் வன்னியில் இருக்கக்கூடாது. நெஞ்சு மட்டத்தில் ஆறாவது முள்ளெலும்புக்கோ அதற்கு மேலேயோ வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, உணர்வில்லாத பகுதியில் ஏதாவது உறுத்தினால் மூளை தடுக்க முடியாமல் அழுத்தம் சடுதியாக ஏறும். வழக்கத்தைவிட 20 முதல் 40 கூடினாலே எச்சரிக்கை. தலையிடி, முகம் சிவந்து வேர்த்தல், மூக்கடைப்பு அடையாளங்கள். விட்டால் மூளையில் இரத்தம் கசியலாம்.

உடனே நிமிர்த்தி இருத்துங்கள், காலைக் கீழே தொங்கவிடுங்கள், படுக்க வைக்க வேண்டாம். இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். சலக் குழாய் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இதுதான். பிறகு மலச்சிக்கல், படுக்கைப் புண், நகச் சுற்று. காரணம் நீங்கினால் அழுத்தம் தானாக இறங்கும். இறங்காவிட்டாலோ காரணம் பிடிபடாவிட்டாலோ 1990. வருகிறவர்களிடம் இவருடைய வழக்கமான பிரஷர் 100 என்று முதலில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 150 ஐப் பார்த்துச் சாதாரணம் என்று நினைத்துவிடலாம்.

காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சரிசெய்தாப் பேந்து குளிசை வேண்டாம்தானே?

சிலருக்கு வேண்டாம். நோக் குளிசையால் ஏறியது நிற்பாட்டச் சில கிழமையில் இறங்கும். இளவயதில் நாடி ஒடுக்கமோ சுரப்பிக் கட்டியோ நீங்கியவர்களில் பலர் மருந்தில்லாமல் இருக்கிறார்கள். ஆனால் பல வருடம் கழித்துக் கண்டுபிடித்தால் நாடிகள் தடித்துப்போயிருக்கும். மூன்று குளிசை ஒன்றாகக் குறையலாம், முற்றாக விட முடியாமல் இருக்கலாம். சிறுநீரக நோயென்றால் மருந்து தொடர்ந்தே ஆகவேண்டும், மிச்சமுள்ள சிறுநீரகத்தைக் காப்பதே அந்த மருந்துதான். எதுவானாலும் நிற்பாட்டுவதை டொக்டர் படிப்படியாகச் செய்வார். வீட்டில் காலையும் மாலையும் பார்த்து இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள், அதைப் பார்த்துத்தான் எந்தக் குளிசையை முதலில் குறைப்பது என்று முடிவெடுப்பார்.